பிள்ளை சொல்வதைக் கேட்ட ஏலி

(வானொலி மறையுரை)



சாமுவேல் முதல் நூலின் 3ஆம் அதிகாரம் நமக்கு நன்கு தெரிந்த பகுதி. இரவு நேரம். சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருக்கிறான். யாரோ தன்னைக் கூப்பிடுவது கேட்டு, பார்வை மங்கிப்போன பெரியவர் ஏலியிடம் ஓடுகிறான். "நான் கூப்பிடவில்லை, போய்ப் படு" என்ற பொருளில் ஏலி அனுப்பிவிடுகிறார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறைதான், பையன் உளறவில்லை, கூப்பிடுகிறவர் ஆண்டவர் என்பது அவருக்குப் புரிகிறது.

இப்பகுதியை விளக்கும்போது குருக்களாகிய நாங்கள் பெரும்பாலும் சாமுவேலின் கீழ்ப்படிதலைப் பற்றியே பேசுவோம். இன்று ஏலியைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டு முறை தட்டிக்கழித்தாலும் மூன்றாம் முறை அவர் பிள்ளையை நம்பினார்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கரும்பு வெட்டவும், மல்லாட்டை பிடுங்கவும், நூறு நாள் வேலைக்கும் தாய்மார் கிளம்பும்போது, பிள்ளைகளை அங்கன்வாடியில் விட்டுச் செல்கிறார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. நம் ஊர்களில் பலர் இன்னும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே எடை பார்க்கிறார்கள், சத்துமாவும் முட்டையும் கொடுக்கிறார்கள், ஆடவும் பாடவும் வைக்கிறார்கள். டீச்சரும் ஆயாவும் குறைந்த சம்பளத்தில் செய்கிற இந்த வேலைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு கருத்து இருக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

எனக்கே தோன்றவில்லை. முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் சிறுபிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடத்தினோம். நன்கொடை திரட்டிப் புதிதாகக் கழிப்பறை கட்டினோம். நான்தான் அர்ச்சித்தேன். ரிப்பன் வெட்டி, பாயசமும் வழங்கினோம். மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் உள்ளே போகவில்லை. எல்லாம் பழையபடி வேலியோரம்தான். "காட்டுப் பழக்கம், சாமி, எப்படிப் போகும்?" என்று பங்குப் பேரவையில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். இரண்டு மாதம் கழித்து ஆயாம்மா ஒரு பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார். "குழி பெருசா இருக்கு ஆயா, உள்ள வுழுந்துடுவேன். கதவும் தானா மூடிக்குது, இருட்டு" என்று சொன்னதாம் அந்த நான்கு வயதுப் பிள்ளை. போய்ப் பார்த்தேன். உண்மைதான். பெரியவர்களின் காலுக்கு வைத்த பீங்கான். தாழ்ப்பாள் என் மார்பு உயரத்தில். கொத்தனார், மேஸ்திரி, அருள்சகோதரிகள், நான், எல்லாரும் கூடிப் பேசிக் கட்டியதுதான். அதை உபயோகிக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறிய பீங்கான் மாற்றி, கதவின் மேல்பாதியை அறுத்தெடுத்தோம். அந்த வாரமே வரிசையில் நின்றார்கள்.

மரிய மொந்தெசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை உரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழா அன்று திறந்தார். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். ஆசிரியர் முதலில் பிள்ளையைக் கவனித்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். நம் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் ஒரு கழிப்பறையில் கற்றுக்கொண்டேன்!

1989இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் காரியங்களில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதை மதிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. பேசத் தெரியாத குழந்தைக்கும் இது பொருந்தும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2005இல் விளக்கியது. அழுகை, சிரிப்பு, சாப்பிட மறுப்பது, கிறுக்கல், ஒருவரைக் கண்டதும் தாயின் புடவைக்குள் ஒளிவது, எல்லாம் பேச்சுதான்.

"இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும், சாமி" என்று சில தாத்தாக்கள் சொல்வார்கள். பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. தடுப்பூசி வேண்டாமென்று பிள்ளை அழுதாலும் போடத்தான் வேண்டும். ஆனால், "வலிக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், எந்தக் கையில் போடலாம்?" என்று கேட்கலாம் அல்லவா?

பேச மொழியும் வேண்டும். திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய தாய்த்தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலேயே அங்கே படிக்கிறது. திருச்சபை நடத்தும் பள்ளிகள் சிலவற்றில், தமிழில் பேசிவிட்டதற்காக எல்.கே.ஜி. பிள்ளையை நிற்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றரை வயதில் வாயைக் கட்டிவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் எதைச் சொல்லும்?

இங்கேதான் ஏலியிடம் மறுபடி போக வேண்டும். ஆண்டவர் அந்த இரவில் சொன்னது ஏலியின் வீட்டைப் பற்றிய செய்தி. அவருடைய மகன்கள் குருக்களாக இருந்துகொண்டே ஆண்டவரின் இல்லத்தில் தீச்செயல் செய்தார்கள். அவர் கண்டித்தும் அவர்கள் கேட்கவில்லை, அவரும் தடுத்து நிறுத்தவில்லை. காலையில் சாமுவேல் சொல்லப் பயந்தான். ஏலியோ ஒன்றையும் மறைக்காதே என்று தாமே கேட்டு வாங்கினார். கேட்டபின் பையனை அடிக்கவில்லை, வாயை அடக்கவுமில்லை.

திருச்சபையில் குழந்தைகள் சொன்னதைப் பெரியவர்கள் நம்ப மறுத்த காலம் ஒன்று உண்டு. குருவானவனாக வெட்கத்தோடு இதைச் சொல்கிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்த குருவும் துறவியும் திருச்சபை அதிகாரிகளிடம் கட்டாயம் தெரிவிக்கச் சொல்கிறது. நம் நாட்டின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமோ, தெரிந்தவர் எவரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை அது சொன்னபடியே எழுத வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. "பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசாதே" என்று வீட்டில் அதட்டப்பட்ட பிள்ளை அந்த முதல் சொல்லையே சொல்லாது.

ஆகவே இன்று மாலை பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது, "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு நிறுத்தாதீர்கள். குந்தி உட்கார்ந்து, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, "இன்னிக்கு உனக்கு எது புடிச்சுது, எது புடிக்கல?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். சில நாள் காக்கையைப் பற்றியே பேசும். பொறுமையாகக் கேளுங்கள். மனத்தை உறுத்தும் எதையாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் கட்டணமில்லை.