ஐப்பசி ஈரத்திலும் இளகாத அச்சு இனிப்பு

ஆவடி மாநகராட்சிக்கு உட்பட்ட சேக்காட்டில் இப்போது வயல்களைவிட வீடுகளே அதிகம். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதிகளில் நிலக்கடலை சாகுபடி இன்றும் தொடர்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை ஐப்பசியில் களத்துக்கு வரும். தீபாவளியும் அதை ஒட்டியே வரும். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கும் ஹாலோவீன் நாளும் அக்டோபர் 31-ல்தான். மெக்சிகோ மக்கள் அடுத்த இரண்டு நாட்களில் இறந்தோரை நினைத்து, சர்க்கரையை அச்சிலிட்டு மண்டையோட்டு பொம்மைகள் செய்து வைக்கிறார்கள்.

நம்மிடமும் அச்சு உண்டு. கல்யாணச் சீர்தட்டில் ஜோடியாக வைக்கும் கூம்பு வடிவப் பருப்புத் தேங்காய் அதில் வார்ப்பதுதான். கடலையை மூட்டையாகவே விற்றுவிடும் சிறு விவசாயி, வீட்டுக்கு வேண்டிய கொஞ்சத்தையாவது இப்படிச் செய்து பார்க்கலாம். 40 கிலோ மூட்டையை உடைத்தால் சுமார் 28 கிலோ பருப்பு தேறும். பொறுக்கி, வறுத்து, தோல் நீக்கி, வெல்லம் சேர்த்தால் ஏறக்குறைய 35 கிலோ இனிப்பு கிடைக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் இதே கடலையும் வெல்லமும்தான்.

முதலில் கடலையைக் கவனிக்க வேண்டும். மழையில் நனைந்து சரியாகக் காயாத காயில் பூஞ்சணம் பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் அழியாது. ஆகவே ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கும் வரை காய வைத்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கசப்பதையும் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதை மாட்டுக்கும் போடக்கூடாது. அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும்.

வெல்லம் வாங்கும்போது கடையில் ‘பாகு வெல்லம்’ என்று கேட்க வேண்டும். பிசுபிசுக்கும் வெல்லத்தில் பாகு சரியாக நிற்காது. ஒரு கிலோ வறுத்த பருப்புக்கு அரைக் கிலோ வெல்லம் போதும். வெல்லம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்ணும் தூசும் போகத் துணியில் வடிகட்டி, அடி கனத்த பாத்திரத்தில் காய்ச்சவும்.

பதம் பார்ப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டினால் முதலில் மெத்தென்று உருளும். அதிரசத்துக்கு அது போதும், இதற்குப் போதாது. உருண்டையைப் பாத்திரத்தில் போட்டால் ‘டக்’கென்று ஓசை வர வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் பாகில் தண்ணீர் தங்கிவிடும். வெல்லத்துக்கே காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஐப்பசிக் காற்றில் கேட்கவே வேண்டாம். காலையில் கல்லாக இருந்தது மாலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

பதம் வந்ததும் இறக்கி, சுக்கும் ஏலமும் தூவி, கடலையைக் கொட்டிக் கிளறவும். நெய் தடவிய கூட்டில் சூட்டோடு போட்டு, நெய் தொட்ட தம்ளரின் அடியால் அழுத்தி அடைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஆறினால் உதிர்ந்துவிடும். நன்றாக ஆறிய பின் கூட்டைத் தட்டினால் கழன்று வரும்.

சர்க்கரை பொம்மைக்கு முறை நேர்மாறானது. கடலைப் பாகு கண்ணாடிபோல் இறுக வேண்டும். பொம்மைப் பாகோ பூத்து வெளுக்க வேண்டும். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள்ளோடு கொடுக்கும் ‘சக்கரை அச்சு’ இந்த வகை. மர அச்சைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, ஈரம் வடித்து, இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளவும். பாகில் சிறிது பால் விட்டால் அழுக்கு நுரையாக மேலே வரும். அதை எடுத்துவிட்டுக் காய்ச்சி, கெட்டியானதும் இறக்கிக் கிளற வேண்டும். பாகு கலங்கி வெளுக்கத் தொடங்கியதும் ஊற்ற வேண்டும். தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும்.

நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். சாயப் பொடி வேண்டவே வேண்டாம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததைப் பலரும் அறிவர்.

விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே செய்வோருக்கும் இது பொருந்தும். அச்சடித்த தாளில் இனிப்பைச் சுற்றக்கூடாது, மை ஒட்டும். செய்தித்தாளும், இந்தப் பக்கம் உட்பட, அதில் அடக்கம்! ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அடுக்குக்கு இடையே வெண்ணெய்த் தாள் போட்டால் மழை நாளிலும் ஒட்டாது. சர்க்கரை பொம்மையைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் மழை ஓய்ந்திருக்கும். வார்ப்பதும் காய்வதும் சுலபம்.