மஸ்கியின் பல்லுக்கு எந்தக் கம்பி ஈடுகொடுக்கும்?

ரொறன்ரோவை அடுத்துள்ள பிறம்ரனில் இருந்து கோடையில் கவார்த்தா ஏரிகளுக்குத் தூண்டிலுடன் செல்வோர் எதிர்கொள்ளக்கூடிய மீன்களில் ஒன்று, மஸ்கி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மஸ்கலஞ். ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடிய இந்த மீன் சாதாரண தங்கூசியை ஒரே கடியில் அறுத்துவிடும். இலங்கைக் கடலில் அறக்குளாவுக்கும் சீலாவுக்கும் தூண்டில் போட்டவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

இதனாலேயே தங்கூசிக்கும் இரைக்கும் இடையில் 'லீடர்' எனப்படும், பல்லுக்கு ஈடுகொடுக்கும் துண்டு ஒன்று இணைக்கப்படுகின்றது.

ஒற்றை உருக்குக் கம்பி மலிவானது; ஆனால் ஒருமுறை மடிந்தால் அந்த இடத்திலேயே பின்னர் முறியக்கூடும். ஏழு இழைகளை முறுக்கிய கம்பி வளைந்து கொடுத்தாலும், நாளடைவில் இழைகள் பிசிறத் தொடங்கும். நிக்கலும் ரைட்டேனியமும் கலந்த கம்பி வளைத்தாலும் பழைய நிலைக்கே திரும்பும். விலைதான் அதிகம்.

புளோரோகாபன் நீரில் எளிதில் தென்படாது என்பது அதனை விரும்புவோரின் வாதம். நீரின் ஒளிமுறிவு எண் 1.33, புளோரோகாபனின் எண் சுமார் 1.42, நைலோனின் எண் இதைவிட அதிகம். ஆனால் மஸ்கிக்கு 80 முதல் 130 இறாத்தல் வரை தாங்கும் தடிப்பு தேவை. அந்தத் தடிப்பில் இவ்வாதம் எவ்வளவு பொருந்தும் என்பது ஐயத்துக்குரியது. கீறல் விழுந்தால் உடனே மாற்றவும் வேண்டும்.

இதில் நட்டம் இரையின் விலை மட்டுமல்ல. அறுத்துக்கொண்டு செல்லும் மஸ்கியின் வாயில் முக்கூர் முட்கள் தங்கிவிடுகின்றன. வாய் தைக்கப்பட்ட மீன் உண்ண முடியாமல் மடியவும் கூடும். பல ஆண்டுகள் கழித்தே முட்டையிடத் தொடங்கும் இனம் இது. பாஸ் மீனை மட்டுமே நாடிச் செல்வோரும், அதே நீர்த்தாவரங்களுக்குள் மஸ்கி பதுங்கியிருக்கும் என்பதால், ஓர் அடி நீளமான மெல்லிய ரைட்டேனியக் கம்பியை இணைத்துக்கொள்வது நல்லது.