கடைசிக் கரித்துண்டுக்குப் பிறகு

2018 டிசம்பர் 21. ஜெர்மனியின் போட்ரோப் நகரில், ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து கரி அப்பிய முகத்தோடு மேலே வந்த தொழிலாளர்கள், ரூர் வட்டாரத்தின் கடைசி நிலக்கரித் துண்டை ஜனாதிபதி ஸ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள்.

1950களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் இருந்தார்கள். இறக்குமதி நிலக்கரியின் மலிவுக்கு முன்னால் அந்தத் தொழில் நிற்க முடியவில்லை. ஆனாலும் ஒரே நாளில் கணக்குத் தீர்த்து யாரையும் கூட்டமாக வெளியே தள்ளவில்லை. 2018-இல் மூடுவது என்று 2007-இலேயே சட்டம் போட்டார்கள். பூமிக்கடியில் உழைத்தவர்கள் 50 வயதை ஒட்டி வேலையிலிருந்து விலகலாம்; ஓய்வூதியம் தொடங்கும்வரை மாதாமாதம் பணம் வரும். இளையவர்களுக்கு வேறு சுரங்கம், அல்லது வேறு தொழிலில் பயிற்சி. பிரிட்டனில் 1984-இல் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தபோது தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றதை நினைத்தால், இந்தப் பதினோரு வருட அவகாசத்தின் அருமை புரியும்.

ஆனால், ரூரிலும் ஒரு காயம் ஆறவில்லை. அப்பாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. சுரங்கத்தால் வளர்ந்த கெல்சன்கிர்ஷன், இன்று ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்று. ஆளைக் காப்பாற்றியவர்கள் ஊரைக் கோட்டைவிட்டார்கள்.

கிழக்கே லவுசிட்ஸ் வட்டாரத்துக்கு, வேலை போய் ஊர் நொடிந்துவிடும் என்ற பயம் நன்றாகத் தெரியும். அங்கே தோண்டுவது, நம் நெய்வேலியைப் போலவே, பழுப்பு நிலக்கரி. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, சில ஆண்டுகளுக்குள் அங்கே பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதனால் 2020-இல், புவி வெப்பமாவதைத் தடுக்க 2038-க்குள் நிலக்கரியைக் கைவிடுவதென்று ஜெர்மனி சட்டம் இயற்றியபோது, நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கவும் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பணத்தின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. 2024 ஜனவரியில் லவுசிட்ஸின் காட்புஸ் நகரில் புதிய ரயில் பராமரிப்புப் பணிமனை திறக்கப்பட்டது. திட்டமிட்ட வேலைகள் சுமார் 1,200. பிட்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் அங்கே தேவை இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் கற்ற கைவேலை வீணாகாது. பணிமனை திறந்த அன்று, பக்கத்து யேன்ஷ்வால்டெ பழுப்பு நிலக்கரி மின்நிலையம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.