பெரிய கடையில் பழைய கார்

பழைய கார் வாங்குவோர் தெருத் தரகரை ஐயுறுகின்றனர். பெரிய விற்பனை நிலையத்தையோ கண்மூடி நம்பிவிடுகின்றனர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவி மெருகேற்றினால் கண்ணுக்குக் குறை தெரியாது. மின்கம்பி இணைப்புகளில் ஏறிய துரு சில மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். உள்நுனியில் சேற்றுக்கறை தெரியக்கூடும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் தடவிப் பாருங்கள். உங்கள் மெக்கானிக் சோதிப்பதை மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேநீரோடு வாய்மொழி உறுதிகளும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்றொரு வரி இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்காத வண்டி என்பதை அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருப்பின், அது நீக்கப்பட்ட பின்னரே முழுத்தொகையைக் கொடுங்கள்.