மூக்கை நம்பி இறங்காதீர்கள்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவோரின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அழுகிய முட்டை நாற்றமாக மூக்கில் ஏறும் இந்த வாயு, 100 பங்கை எட்டும்போது நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதனால்தான் பலர். தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும், குச்சி அணையாமல் எரிந்தாலோ நச்சு இல்லை என்று பொருளாகாது.

ஆகவே மூக்கின் வேலையைக் கருவிதான் செய்ய வேண்டும். அங்கேதான் வெவ்வேறு பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கூட்டுப்பொருள்கள் வருகின்றன. வெள்ளீய ஆக்சைடுடன் தாமிர ஆக்சைடு நுண்துகள்களைச் சேர்த்தால், இரண்டும் தொடும் இடத்தில் மின்தடை மிகுந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டதும் தாமிர ஆக்சைடு மின்சாரத்தை நன்கு கடத்தும் தாமிர சல்ஃபைடாக மாற, தடை சட்டென்று சரிகிறது, கருவி அலறுகிறது. சுத்தக் காற்றில் சூடேற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். பாலிஅனிலின் போன்ற பாலிமர்களைச் சேர்த்து, சூடேற்றாமலே இயங்கும் உணரிகளையும் உருவாக்குகிறார்கள். ஆனால் சாக்கடைக்குள் எப்போதும் ஈரம். ஈரப்பதம் இவ்வகை உணரிகளின் அளவீட்டைப் பிறழச் செய்யும் என்பதால், உலர்ந்த ஆய்வகக் காற்றில் கிடைத்த நல்ல முடிவு எனக்குப் போதுமான சான்றல்ல.

நல்ல கருவி வந்தால் ஆளை இறக்கலாமே என்பார்கள். அது தவறு. தொட்டியின் வாயில் பூஜ்யம் காட்டினாலும், அடியில் இறுகிய மண்டியைக் கிளறியவுடன் அதில் சிறைப்பட்ட வாயு பொங்கி வரும். ‘இறங்காதே’ என்று சொல்லத்தான் கருவி. ‘இறங்கு’ என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை. ஆளுக்குப் பதில் இயந்திரத்தால் சுத்தம் செய்யச் செலவாகும் என்ற வாதமும் சட்டத்தின் முன் நிற்காது. உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதை, நேரடியாகவோ மறைமுகமாகவோ, கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. ‘லாரிக்காரர்தான் ஆளை இறக்கினார்’ என்று வீட்டுக்காரர் ஒதுங்கிவிட முடியாது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சமும், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமலும் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குடும்பத்தினர் இதை மாவட்ட ஆட்சியரிடம் கோரலாம். ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். உடனே 101க்கும் 108க்கும் அழையுங்கள்.