61 ஆட்டங்கள்: ஊர் ஊராகச் சென்று ஆடிய ராபின் பாவா



ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது பச்சைத் திடல்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எனக்கும் அப்படித்தான். பனித்தரையில் ஆடும் ஹாக்கியை நான் முதன்முதலில் நேரில் கண்டது எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில். நண்பர்களோடு கிள்ளானிலிருந்து சன்வே பிரமிட் பேரங்காடிக்குப் போயிருந்தேன். அங்குள்ள பனித்தளத்தில் சிலர் தலைக்கவசமும் மட்டையுமாகப் பறந்துகொண்டிருந்தார்கள். இந்த ஆட்டத்தில் நம் இந்தியர் யாராவது பெயர் பெற்றிருக்கிறார்களா என்று தேடினேன். கிடைத்த பெயர் ராபின் பாவா. அமெரிக்க, கனடியக் குழுக்கள் ஆடும் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் அவர்.

அவர் பெரிய நட்சத்திரமாக இருந்திருப்பார் என்று எதிர்பார்த்துத்தான் படிக்கத் தொடங்கினேன். அந்த லீக்கில் அவர் ஆடியவை மொத்தம் 61 ஆட்டங்கள். அடித்தவை 6 கோல்கள். 'இவ்வளவுதானா?' என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடு பக்கத்தை மூடாமல் மேலும் படித்ததால்தான் இக்கட்டுரை.

மர ஆலைகளின் ஊர்

பாவா 1966-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பிறந்து, வான்கூவர் தீவிலுள்ள டங்கன் என்ற சிறு பட்டணத்தில் வளர்ந்தவர். அந்தத் தீவின் மர ஆலைகளில் பஞ்சாபியர் பலர் வேலை செய்தனர். டங்கனுக்கு அருகிலேயே பால்டி என்ற ஆலைக் குடியிருப்பைப் பஞ்சாபியரே உருவாக்கினர். நம் பாட்டனார்கள் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த அதே காலக்கட்டத்தில் அவர்கள் அங்கே மரம் அறுக்கப் போனார்கள் என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும்.

இளையோர் லீக்கில் காம்லூப்ஸ் குழுவுக்காக ஆடிய பாவா, 1986-87 பருவத்தில் 57 கோல்கள் அடித்தார். ஆண்டுதோறும் குழுக்கள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது அந்த லீக்கின் வழக்கம். பாவாவை எந்தக் குழுவும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. 1987-இல் வாஷிங்டன் குழு அவரை நேரடியாக ஒப்பந்தம் செய்தது.

மேலே ஒரு நாள், கீழே ஒரு வருடம்

இங்கே அந்த ஆட்டத்தின் தொழில்முறையைச் சற்று விளக்க வேண்டும். ஓர் ஆட்டத்திற்கு ஒரு குழுவில் 20 பேர்தான் களமிறங்கத் தயாராகலாம். 1989-இல் லீக்கில் இருந்தவை 21 குழுக்கள். அப்படியானால் மொத்தம் 420 இடங்கள். இடம் கிடைக்காதவர்கள் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டு காத்திருப்பார்கள். மேலே ஒருவருக்குக் காயம் பட்டால் கீழிருந்து ஒருவருக்கு அழைப்பு வரும். காயம் ஆறியதும் வந்தவர் திரும்ப வேண்டியதுதான். மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஆடினால் வேறு சம்பளம் என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு.

பாவாவின் வாழ்க்கை இந்த ஏணியில்தான் கழிந்தது. 1989-90இல் வாஷிங்டனுக்கு 5 ஆட்டங்கள், 1 கோல். 1991-92இல் வான்கூவருக்கு 2 ஆட்டங்கள். புதிய குழுக்கள் சேர்ந்து இடங்கள் கூடியபோதுதான் அவருக்குச் சற்று வழி பிறந்தது. 1991-இல் தொடங்கப்பட்ட சான் ஹோசே குழுவுக்கு 1992-93இல் 42 ஆட்டங்கள் ஆடி 5 கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தில் அக்குழு 71 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த பருவத்தில் புதிதாக வந்த அனஹைம் குழுவுக்கு 12 ஆட்டங்கள். அத்துடன் மேல்நிலை முடிந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஆடிய ஊர்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதாது. பால்டிமோர், மில்வாக்கி, ஹாமில்டன், கேன்சஸ் சிட்டி, சான் டியேகோ, கலமசூ, சான் பிரான்சிஸ்கோ, மீண்டும் மீண்டும் ஃபோர்ட் வெய்ன். இளையோர் லீக்கில் கோல் குவித்தவரிடம் தொழில்முறைக் குழுக்கள் எதிர்பார்த்தது முரட்டு ஆட்டத்தை. அதையும் அவர் கற்றுக்கொண்டார். ஃபோர்ட் வெய்னில் ஒரே பருவத்தில் 300க்கும் மேற்பட்ட நிமிடங்கள் தண்டனையாக வெளியே அமர்ந்தார். நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியவர்களையும் எதிர்கொண்டார். 1999-இல் மூளை அதிர்வுக் காயம் அவர் ஆட்டத்தை முடித்து வைத்தது.

பின்னால் வந்தவர்களும் உண்டு. தந்தை வழியில் பஞ்சாபியரான மேனி மல்ஹோத்ரா 1998-இல் முதல் சுற்றிலேயே தேர்வாகி, 991 ஆட்டங்கள் ஆடினார்.

என் அண்ணனின் கணக்கு

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு ஆட்டக்காரர் இருக்கிறார். என் அண்ணன் காற்பந்தில் தாக்குதல் ஆட்டக்காரர். ஏழு ஆண்டுகளில் ஐந்து குழுக்கள். பாதி நேரம் மாற்று ஆட்டக்காரர் வரிசையில். கடைசிக் குழு மூன்று மாதச் சம்பளம் தராமலேயே கலைந்துபோனது. இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். விருந்துகளில் உறவினர்கள், "பந்து உதைச்சி என்ன கிழிச்ச?" என்பார்கள். ஒருநாள் கோபத்தில் நானும், "அந்த நேரத்துல படிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை.

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடும்போது பாவாவின் கதையை அவரிடம் சொன்னேன். 61 ஆட்டம் என்றதும் நான் எதிர்பார்த்தபடி அவர் சிரிக்கவில்லை.

"அந்த 61-க்கு எத்தனை வருசம் ஆடினாரு?"

"பன்னெண்டு வருசம்ண்ணே."

"பன்னெண்டு வருசம் ஒவ்வொரு ஊருலயும் ஒரு குழு கூப்பிட்டிருக்குன்னா, அவரு நல்ல ஆட்டக்காரர்தான்டா தம்பி. ஆகாதவன ரெண்டாவது குழு கூப்பிடாது."

ஐந்து குழுக்கள் அண்ணனையும் கூப்பிட்டன. அதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று கேட்ட கேள்விக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடுடா, ரசம் ஆறுது," என்றார்.

நண்பர்களே, பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் பலருக்கு முதலில் கிடைக்கப்போவது ஆறு மாத ஒப்பந்த வேலைதான். ஊர் மாறும், முதலாளி மாறுவார். அப்போது ராபின் பாவாவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அண்ணன் இருந்தால், அவர் எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் நிச்சயம் எண்ணி வைத்திருப்பார்.