புலம்பெயர்ந்தோரின் பப்பில் விளைந்த இசை: ‘தி போக்ஸ்’ குழுவின் வரலாறு

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ‘பப்’ என்று வழங்கும் மதுக்கூடம் குடிப்பதற்கு மட்டுமே உரிய இடமன்று; அக்கம்பக்கத்தார் மாலையில் கூடிப் பேசவும், பாடவும், இறந்தவரை நினைவுகூரவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பொதுவிடம் அது. சொற்பப் பணத்துக்கும் சில கோப்பை பியருக்கும் வாசிக்கிற உள்ளூர் இசைக்குழுக்கள் அங்கேதான் உருவாகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அந்தப் பேட்டையைத் தாண்டி அறியப்படாமலேயே கலைந்தும் போகின்றன. அத்தகைய குழுக்களுள் ஒன்றாக 1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தோன்றிய ‘தி போக்ஸ்’, அயர்லாந்தின் நாட்டுப்புற இசையோடு பங்க் ராக்கின் வேகத்தைச் சேர்த்து, ஆறே ஆண்டுகளில் பிரிட்டனின் முன்னணிக் குழுக்களுள் ஒன்றாயிற்று. இருவகை இசையைக் கலந்தவர்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பாடல்களை, அவர்களுடைய பிள்ளைகளின் தலைமுறை கூச்சமின்றி உரத்துப் பாடியதே இக்குழுவின் தனிச்சிறப்பு.

இதன் பின்னணியில் நீண்டதொரு புலம்பெயர்வு வரலாறு இருக்கிறது. 1845 முதல் 1852 வரை அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர்; அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிதைந்த நகரங்களைக் கட்டியெழுப்ப பிரிட்டனுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டபோது, அந்த வெளியேற்றம் மீண்டும் பெருகி, 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தைவிட்டுப் போயினர். லண்டனில் கேம்டன் டவுன், கில்பர்ன், கிரிக்கில்வுட் ஆகிய பகுதிகளில் குடியேறிய அவர்கள் சாலை போட்டனர், சுரங்கம் வெட்டினர், மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரிந்தனர். சொந்த ஊரில் வீட்டு அடுப்படியிலும் நாற்சந்தியிலும் வாசித்து வந்த இசைக்கு, நால்வர் நெருங்கிப் படுக்கும் வாடகை அறையில் இடமில்லாமற்போகவே, பப்பின் மூலை மேசை அவர்களது அரங்காயிற்று. மேடையும் நுழைவுக் கட்டணமும் இன்றிக் கலைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும் இம்முறைக்கு ‘செஷன்’ என்று பெயர். இன்று அயர்லாந்துக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் தொன்மையான வழக்கமென்று கருதும் பப் செஷன், இவ்வாறு லண்டனில் வேரூன்றிப் பின்னரே தாயகத்திலும் பரவியது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

மரபுப் பாடல்களை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் இணைக்கும் ‘ஃபோக் ராக்’ என்னும் வகையை, 1969இல் வெளியான தன் இசைத்தட்டு வழியாக ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேயக் குழு பிரிட்டனில் நிலைநிறுத்தியிருந்தது. அதற்கு முன்பே, 1962இல், டப்ளினின் ஓடொனஹூஸ் பப்பில் உருவான ‘தி டப்ளினர்ஸ்’ குழு, கரகரத்த குரலும் பான்ஜோவும் கொண்டு குடியாட்களின் பாடல்களை நாடெங்கும் எடுத்துச் சென்றது. எனினும் 1970களின் இறுதியில் நாட்டுப்புற இசை என்றாலே பெரியவர்களுக்குரியது என்ற எண்ணம் லண்டன் இளைஞரிடையே படிந்திருந்தது. 1976இல் வெடித்த பங்க் ராக், அதாவது மூன்றே சுரக்கட்டுகளை வைத்துக்கொண்டு கோபத்தை வேகமாகவும் உரத்தும் கொட்டும் இசை, அவர்களை ஈர்த்துக்கொண்டது.

அந்த இளைஞர்களுள் ஒருவர் ஷேன் மக்கவன். அயர்லாந்துப் பெற்றோருக்கு 1957 டிசம்பர் 25 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை அயர்லாந்தின் டிப்பரரியில் தாய்வழி உறவினரின் பண்ணைவீட்டில், பாட்டும் செபமும் குடியும் ஓயாத சூழலில் கழித்தார். பின்னர் லண்டனில் பங்க் குழு ஒன்றில் பாடிய அவர், டின் விசில் வாசித்த ஸ்பைடர் ஸ்டேசி, பான்ஜோ வாசித்த ஜெம் ஃபைனர், அக்கார்டியன் வாசித்த ஜேம்ஸ் ஃபெர்ன்லி ஆகியோரோடு சேர்ந்து 1982 அக்டோபர் 4 அன்று கிரேஸ் இன் சாலையிலிருந்த ‘பிண்டர் ஆஃப் வேக்ஃபீல்ட்’ என்ற பப்பில் முதன்முறையாக மேடையேறினார். பின்னர் பாஸ் கிதாருக்கு கேட் ஓரியர்டனும், அடுத்த ஆண்டு டிரம்ஸுக்கு ஆண்ட்ரு ராங்கனும் வந்தனர். இவர்களுள் ஸ்டேசி, ஃபைனர், ஃபெர்ன்லி, ராங்கன் ஆகிய நால்வரும் ஆங்கிலேயர். ஆகவே இதனை அயர்லாந்துக் குழு என்பதைவிட லண்டன் குழு என்பதே பொருந்தும்.

அவர்களுடைய ஒலியமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ராக் குழுவில் தலைமை ஏற்கும் மின்கிதாருக்குத் தொடக்கத்தில் அங்கே இடமே இல்லை. ஆறே துளைகள் கொண்ட, மலிவான உலோகக் குழலாகிய டின் விசில் மெட்டைக் கூர்மையாக இழுத்துச் செல்ல, பான்ஜோ ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தெறிக்கவிட, அக்கார்டியன் இடைவெளிகளை நிரப்பியது. ராங்கன் இருக்கையில் அமராமல் நின்றபடியே இரண்டு டிரம்களை மட்டும் வைத்துத் தாளமிட்டார். சில பாடல்களில் ஸ்டேசி பியர்த் தட்டை எடுத்துத் தாளத்துக்கேற்பத் தம் தலையில் ஓங்கி அடித்துக்கொள்வார். கேளிக்கையாகத் தோன்றினாலும், பப்பில் கைக்கெட்டும் எப்பொருளும் தாளக்கருவியே என்ற உள்ளூர் வழக்கம் அதில் தொடர்ந்தது. மரபு நடனமெட்டு ஏற்கெனவே வேகமானது என்பதால், அதன் மேல் பங்க் வேகத்தை ஏற்ற அவர்கள் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

குழு முதலில் சூட்டிக்கொண்ட ‘போக் மஹோன்’ என்ற பெயர் ஐரிஷ் மொழியின் கொச்சையான வசைத்தொடர் என்பதை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி அறிந்தோர் பிபிசிக்குச் சுட்டிக்காட்டிய பின், அது ‘தி போக்ஸ்’ என்று சுருங்கியது. 1984இல் புகழ்பெற்ற பங்க் குழுவான ‘தி கிளாஷ்’ சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாக வாசித்து, அதே ஆண்டில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட இவர்கள், 1985இல் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் தயாரிப்பில் இரண்டாவதான ‘ரம், சோடமி அண்ட் தி லாஷ்’ இசைத்தட்டைத் தந்தனர்.

மக்கவனின் பாடலாசிரியத் திறமை முழுமையாக வெளிப்பட்டது அதில்தான். ‘எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்’ என்ற பாடலில், காதலில் தோற்ற இளைஞன் ஒருவன் பப்பில் குடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்திலிருக்கும் முதியவர் தாம் கண்ட போர்க்களத்தையும், சிதறிக் கிடந்த உடல்களையும், வீடு திரும்பியபோது காத்திருக்க யாருமில்லாததையும் சொல்கிறார். இளைஞனுக்கு அந்தக் கிழவர் மீது வெறுப்பே எழுகிறது, ஆனாலும் அவர் சொன்னது அவனைவிட்டு அகலவில்லை. தலைமுறைகள் ஒன்றையொன்று விரும்பாமலே கேட்டுக்கொள்ள நேரும் இடமாகப் பப்பை இத்தனை நேர்மையோடு காட்டிய பாடல்கள் மிகச் சிலவே.

தாயகத்தின் மரபிசைக் கலைஞர்கள் எல்லோரும் இதை வரவேற்கவில்லை. குடிகார ஐரிஷ்காரன் என்று ஆங்கிலேயர் காலங்காலமாக வரைந்து வந்த கேலிச்சித்திரத்துக்கு இவர்களே உயிர் கொடுக்கிறார்கள் என்றும், பல்லாண்டுப் பயிற்சியில் கைவரும் நுட்பமான இசையைச் சிதைக்கிறார்கள் என்றும் கண்டனங்கள் எழுந்தன. அக்கவலையைப் புறந்தள்ளிவிட முடியாது. எனினும் மரபின் முதுபெரும் குழுவான டப்ளினர்ஸே 1987இல் இவர்களோடு இணைந்து ‘தி ஐரிஷ் ரோவர்’ பாடலைப் பதிவுசெய்து, பிரிட்டனின் விற்பனைத் தரவரிசையில் 8ஆம் இடத்தைப் பிடித்தது, மரபின் உள்ளிருந்தே கிடைத்த ஏற்பாகும்.

1974 நவம்பரில் பர்மிங்காம் நகரின் இரு பப்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தபின் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நிழலில், பிரிட்டனில் வாழ்ந்த ஐரிஷ்காரர் பலர் பொதுவிடங்களில் தம் பேச்சின் ஊர்வாடை தெரியாமல் அடக்கிப் பேசப் பழகியிருந்தனர். அத்தகைய காலத்தில் ஐரிஷ் பாடல்களை முழுக்குரலில் பாடுவதே துணிவாக இருந்தது. அவ்வெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்ட அறுவர் நிரபராதிகள் என்று முழங்கிய இவர்களது பாடலை 1988இல் பிரிட்டனின் தனியார் ஒளிபரப்பு ஆணையம் தடைசெய்தது. 1991 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அறுவரையும் விடுவித்தது.

பொதுமக்கள் பெரிதும் அறிந்த இவர்களது பாடல் 1987இல் வெளியான ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ ஆகும். கிறிஸ்துமஸ் இரவில் காவல்நிலையக் கொட்டடியில் கிடக்கும் ஒருவனின் நினைவில் தொடங்கி, அமெரிக்கக் கனவு கலைந்த ஓர் ஐரிஷ் இணையரின் சண்டையாக விரியும் அப்பாடலை மக்கவனும் ஃபைனரும் சேர்ந்து எழுதினர். பெண்குரலில் பாடியவர் கிர்ஸ்டி மக்கால். ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’ என்ற பாடலை இயற்றிய நாட்டுப்புறப் பாடகர் யூவன் மக்காலின் மகள். தந்தையின் அந்தப் பாடலை 1985இல் போக்ஸ் பதிவுசெய்திருந்தது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. அயர்லாந்தில் முதலிடமும் பிரிட்டனில் இரண்டாமிடமும் பெற்ற ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’, இன்றுவரை ஆண்டுதோறும் டிசம்பரில் தரவரிசைக்குத் திரும்பி வருகிறது. அதே காலத்தில் குழுவின் ஃபிலிப் செவ்ரான் எழுதிய ‘தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்’, பஞ்சகாலக் கப்பல்களில் அமெரிக்கா சென்றவர்களையும் 1980களில் வேலை தேடிச் சென்றவர்களையும் ஒரே சரட்டில் கோத்தது. அது இன்னும் பரவலாகக் கேட்கப்பட வேண்டிய படைப்பு.

1988இல் வெளியான மூன்றாவது இசைத்தட்டு பிரிட்டனில் 3ஆம் இடத்தை எட்டியபோதே சரிவும் தொடங்கிவிட்டது. ஓய்வற்ற சுற்றுப்பயணங்களும் குடியும் போதைப்பொருளும் மக்கவனை உருக்குலைத்தன. அவர் தள்ளாடுவதைக் காணவே கூட்டம் கூடும் நிலை வந்தது. அதைப் பத்திரிகைகளும் கொண்டாடின. ஒரு கவிஞனின் அழிவைக் கேளிக்கையாக்கிய அந்தப் போக்கு மன்னிக்கத்தக்கதன்று. 1991இல் ஜப்பான் பயணத்தின்போது உடன் வாசித்தோரே அவரைக் குழுவிலிருந்து விலக்கினர். கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரும் பின்னர் ஸ்டேசியும் முதன்மைப் பாடகர்களாக இருந்தும், 1996இல் குழு கலைந்தது. 2001இல் மக்கவனோடு மீண்டும் இணைந்து 2014 வரை மேடையேறினாலும் புதிய இசைத்தட்டு எதையும் அவர்கள் தரவில்லை. செவ்ரான் 2013இல் மறைந்தார். மக்கவன் 2023 நவம்பர் 30 அன்று டப்ளினில் காலமானார்.

லாஸ் ஏஞ்சலிஸின் பப் ஒன்றில் வளர்ந்த ‘ஃபிளாகிங் மோலி’, பாஸ்டன் வட்டாரத்தின் ‘டிராப்கிக் மர்ஃபிஸ்’ முதலிய குழுக்கள் போக்ஸ் வகுத்த வழியிலேயே வந்தவை. வேகத்தில் அவை குறைந்தவை அல்ல, பாடல் வரிகளின் ஆழத்தில் போக்ஸை எட்டியவையும் அல்ல. இக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர்கள், எங்கும் ஒலிக்கும் கிறிஸ்துமஸ் பாடலோடு நின்றுவிடாமல், 1985ஆம் ஆண்டின் இசைத்தட்டிலிருந்து தொடங்கி, பாடல் வரிகளையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.